மோதிரத் தலையணை: ரிப்பன் ஃப்ரில் மூலையில உள்ளே மடங்குது, எங்கே சரி பண்ணணும்?

லாஸ்பேட்டை நூல்கண்டு:

வணக்கம். பாண்டி சம்பா கோயில்ல (மாதா சர்ச்) நடக்கப்போற கல்யாணத்துக்காகத் தாலியும் மோதிரமும் வைக்கிற சின்னத் தலையணை தைக்கிறேன். அளவைச் சொல்லிடறேன். வெள்ளை சாட்டின், 9 இஞ்ச் சதுரமா ரெண்டு துண்டு. தையலுக்கு அரை இஞ்ச் விட்டு, முடிஞ்ச அளவு 8 இஞ்ச். ஓரத்துக்கு ஒன்றரை இஞ்ச் அகல சாட்டின் ரிப்பன். சுத்தளவு 32 இஞ்ச்ங்கறதால ரெண்டு மடங்கு கணக்குல 64 இஞ்ச் வெட்டி, சுருக்கி, மேல் துணியில வச்சு ஓட்டி, கீழ் துணியைப் போட்டுத் தைச்சாச்சு. அடிப்பக்கம் 3 இஞ்ச் வாய் விட்டுத் திருப்பியும் பார்த்தாச்சு. பஞ்சு இன்னும் அடைக்கல.

நேர் பக்கங்கள்ல ஃப்ரில் நல்லா நிக்குது. நாலு மூலையிலயும் ரிப்பன் விரியாம கிண்ணம் மாதிரி உள்ளே குவிஞ்சு நிக்குது. ரெண்டு இடத்துல, ரிப்பனை முதல்ல ஓட்டின தையல் வெளியே தெரியுது. பஞ்சு அடைச்சா மூலை தானா விரியுமா, இல்ல பிரிக்கணுமா? பிரிச்சா சாட்டின்ல ஊசி ஓட்டை தெரியுமே, அதுக்கு என்ன வழி? புது ரிப்பன் வாங்கணுமா?


முத்தியால்பேட்டை டெய்லரிங்:

பஞ்சு அடைச்சா விரியாது, இன்னும் மோசமாகும். பஞ்சு உள்ளே போனதும் ஓரம் உப்பி மூலை பின்னாடி இழுக்கும், ரிப்பன் இன்னும் குவியும். பிரிச்சுத்தான் ஆகணும். ஆனா புது ரிப்பன் வேண்டாம், உங்க 64 இஞ்ச்லயே வேலை முடியும்.

காரணம் இதுதான். நேர் பக்கத்துல தையல் கோடு எவ்வளவு நீளமோ, ஃப்ரில்லோட வெளி விளிம்புக்கும் அதே நீளம் போதும். மூலையில அப்படி இல்ல. தையல் கோடு ஒரு புள்ளியில திரும்பிடுது, அதுக்கு ஒரு இஞ்ச் தள்ளி இருக்கிற வெளி விளிம்போ கால் வட்டம் போட்டுத்தான் சுத்தி வரணும். ஒரு இஞ்ச் ஆரத்துக்குக் கால் வட்டம்னா கிட்டத்தட்ட 1.57 இஞ்ச். அந்த ஒன்றரை இஞ்ச்சை மூலையில கூடுதலா குடுக்கலைன்னா வெளி விளிம்பு பத்தாம உள்ளே இழுக்கும். நாலு மூலைக்கும் சேர்த்து 6 இஞ்ச். புதுசா வெட்டறவங்க 64, மூலைக்கு 6, ரிப்பனோட ரெண்டு முனையை மூட்டறதுக்கு 1, ஆக 71 இஞ்ச்னு வச்சுக்குங்க. அது 1.8 மீட்டர், கடையில 2 மீட்டரா வாங்கிடுங்க. ஃப்ரில் அகலம் கூடினா மூலைக் கணக்கும் கூடும். வெளியே ஒன்றரை இஞ்ச் தெரியணும்னா மூலைக்கு ரெண்டேகால் முதல் ரெண்டரை இஞ்ச் வரைக்கும் சேர்க்கணும்.

இப்ப உங்க ரிப்பன். மூட்டுக்கு ஒரு இஞ்ச் போனா 63 இருக்கு. மூலைக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இஞ்ச், ஆக 2 இஞ்ச் தையல் கோட்டை மூலைப் பகுதின்னு பிரிச்சுக்குங்க. அதுக்கு ரெண்டு மடங்கு 4, கூடுதல் ஒன்றரை, ஆக அஞ்சரை இஞ்ச் ரிப்பன். நாலு மூலைக்கு 22. மீதி 41 இஞ்ச் ரிப்பன், மீதி இருக்கிற 24 இஞ்ச் நேர்கோட்டுக்கு. அது 1.7 மடங்கு. ஒன்றரை மடங்குக்குக் கீழே போனாத்தான் ஃப்ரில் ஏழையாத் தெரியும், 1.7 தாராளம். நேர் பக்கத்துல இருக்கிற சுருக்கத்தை மூலைக்குத் தள்ளறோம், அவ்வளவுதான்.

மூலையில மட்டும் ரெண்டு இஞ்ச் பிரிச்சு ஒட்டுப்போடலாம்னு தோணும். வேண்டாம். சுருக்கு நூல் சுத்தி முழுக்க ஓடியிருக்கு, நடுவுல வெட்டினா பக்கத்துச் சுருக்கமும் அவிழும். கீழ் துணித் தையல், ஓட்டின தையல் ரெண்டையும் முழுசா எடுத்துடுங்க. தையல் பிரிக்கிற ரிப்பரை நேரா இழுக்காம நாலு தையலுக்கு ஒண்ணா வெட்டிக்கிட்டே போய், மறுபக்கம் நூலை இழுத்தா துணி கிழியாது.

ஊசி ஓட்டைக்கு வழி இருக்கு. புதுத் தையலை அரை இஞ்ச்ல, அதாவது 4 நூல்ல (டேப்புல ஒரு நூல்னா இஞ்ச்ல எட்டுல ஒரு பங்கு), திரும்பப் போடாதீங்க. நாலரை நூல்ல போடுங்க. பழைய ஓட்டை எல்லாம் தையலுக்கு விட்ட பாகத்துக்குள்ள மறைஞ்சுடும். தலையணை ஒவ்வொரு பக்கமும் அரை நூல் குறையும், கண்ணுக்குத் தெரியாது. ஓட்டின தையல் வெளியே தெரிஞ்சதுக்கும் இதுதான் மருந்து. ஓட்டறதை 3 நூல்லயும், கடைசித் தையலை அதுக்கு உள்ளேயும் போடணும். ரெண்டையும் ஒரே கோட்டுல போட்டா எங்கேயாவது ஒண்ணு தப்பிச்சு வெளியே வரத்தான் செய்யும்.

மூலையைக் கூர்மையா விடாதீங்க. பத்து ரூபாய் நாணயத்தை மூலையில வச்சு, ரெண்டு ஓரத்தையும் தொடற மாதிரி பென்சில்ல வளைச்சுக் கோடு போட்டு அந்தக் கோட்டுலயே தையுங்க. கூர் மூலையில சுருக்கம் மொத்தமும் ஒரே ஊசி முனையில வந்து குவியும், மெஷினும் அங்கே திணறும். வளைவுல சுருக்கம் பரவும்.


திருப்பாப்புலியூர் தையல்:

மேல சொன்ன கணக்கு சரி. சுருக்கற விதத்தையும் சொல்லணும், ஏன்னா மூலைக்குச் சுருக்கத்தைத் தள்ளணும்னா நூல் நல்லா நகரணும்.

சாட்டின் ரிப்பனுக்கு ரெண்டு வரிசை நீளத் தையல் போடணும். ஒண்ணு ஓரத்துல இருந்து 2 நூல், இன்னொண்ணு 3 நூல். காட்டன் துணிக்குச் சொல்லித்தர்ற முறையில ரெண்டாவது வரிசையைக் கடைசித் தையலைத் தாண்டி, ஃப்ரில் தெரியற பக்கம் போட்டு அப்புறம் உருவுவாங்க. சாட்டின்ல அதைச் செய்யக்கூடாது, உருவின இடத்துல ஓட்டை வரிசையா நிக்கும். ரெண்டு வரிசையும் தையலுக்குள்ளயே மறையணும். ஒரே வரிசை போட்டாலும் சுருங்கும், ஆனா மடிப்பு எல்லாம் சாய்ஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு படுத்துடும். ரெண்டு வரிசை இருந்தாத்தான் மடிப்பு நிமிர்ந்து நிக்கும்.

தையல் நீளத்தை மெஷின்ல எவ்வளவு வருமோ அவ்வளவு கூட்டிடுங்க. 4 மில்லிமீட்டருக்குக் குறைஞ்சா நூல் இழுபடாது. மேல்நூல் டென்ஷனை ஒரு சுத்து தளர்த்திட்டு, பாபின் நூலை மட்டும் பிடிச்சு இழுங்க. ரெண்டு முனையிலயும் ரிவர்ஸ் போடக்கூடாது. சுருக்கற வேலைக்குப் பாலியஸ்டர் நூல்தான். மலிவு காட்டன் நூல் 16 இஞ்ச் இழுக்கறதுக்குள்ள அறுந்துடும்.

முக்கியமானது: 63 இஞ்ச்சுக்கும் ஒரே ஓட்டமா சுருக்கு நூல் போடாதீங்க. முதல்ல ரிப்பனோட ரெண்டு முனையையும் மூட்டி வளையமாக்குங்க. அதை நாலா மடிச்சு நாலு இடத்துல சோப்புக்கட்டியால புள்ளி வைங்க. ஒவ்வொரு கால் பகுதிக்கும் தனித்தனியா நூல் போடுங்க. ஒண்ணு அறுந்தா மத்த மூணும் தப்பிக்கும். மேல் துணியில ஒவ்வொரு பக்கத்தோட நடுவுலயும் புள்ளி வச்சு, நடுவுக்கு நடு பொருத்துங்க, மூலைக்குப் பொருத்தாதீங்க. அப்பத்தான் ஒவ்வொரு கால் பகுதியோட மத்தியில ஒரு மூலை வரும், சுருக்கத்தை ரெண்டு பக்கத்துல இருந்தும் மூலைக்குத் தள்ளலாம். மூட்டு தானா ஒரு பக்கத்தோட நடுவுல வந்துடும். அதை மேல் பக்கத்து நடுவுல வைங்க. அடிப்பக்கத்துல பஞ்சு வாய் இருக்கு, மூட்டும் வாயும் ஒரே இடத்துல வந்தா கையால மூடறப்ப தடிமனாகி ஊசி இறங்காது.

ஜிக்ஜாக் வர்ற மெஷின் இருந்தா இதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு. மீன் பிடிக்கிற மெல்லிசு நைலான் நரம்பை ரிப்பன் ஓரத்துல வச்சு, அதைக் குத்தாம அது மேல ஜிக்ஜாக் ஓட்டுங்க. நரம்பைப் பிடிச்சு இழுத்தா வெண்ணெயில கத்தி போற மாதிரி சுருக்கம் நகரும், அறுபடவே அறுபடாது. ரிப்பனைத் துணியில தைச்சு முடிச்சதும் நரம்பை உருவிடலாம். கறுப்பு மெஷின்ல நேர்த்தையல் மட்டும்தான், அதுல இது முடியாது.

பொருத்தற முறை: மேல் துணியோட நல்ல பக்கம் மேலே. அது மேல ரிப்பன், அதோட பளபளப்புப் பக்கம் கீழே பார்க்க, சுருக்கின ஓரம் துணியோட வெட்டு ஓரத்தோட சேர, ஃப்ரில் உள்பக்கமா நடுவைப் பார்த்துப் படுத்திருக்கணும். 3 நூல்ல ஓட்டுங்க. ஓட்டினதும், மூலையில ஃப்ரில்லோட வெளி விளிம்பைக் கையால உள்ளே மடிச்சு ரெண்டு கைத்தையல் போட்டுத் துணியோட பிடிச்சு வைங்க. இல்லைன்னா கீழ் துணி போட்டுத் தைக்கிறப்ப அந்த விளிம்பு தையலுக்குள்ள மாட்டும். திருப்பினப்புறம்தான் தெரியும், அப்ப பிரிக்கிறதைத் தவிர வழி இல்ல.

கடைசித் தையல் போடறப்ப மேல் துணியோட உள்பக்கம் உங்களைப் பார்த்து இருக்கணும். ஓட்டின தையல் கண்ணு முன்னாடி இருக்கும், அதுக்கு உள்ளே உள்ளேயே ஓட்டிக்கிட்டுப் போகலாம். கீழ் துணியை மேலே வச்சுத் தைச்சா குருட்டுத் தையல்தான். உங்களுக்கு ரெண்டு இடத்துல வெளியே தெரிஞ்சது பெரும்பாலும் இதனால. வளைவு வந்ததும் மிதிக்கறதை விட்டுட்டுச் சக்கரத்தைக் கையால சுத்துங்க. ரெண்டு தையலுக்கு ஒருதரம் ஊசியைத் துணிக்குள்ளயே வச்சு, பிரஷர் ஃபுட்டைத் தூக்கித் திருப்புங்க.


லாஸ்பேட்டை நூல்கண்டு:

ரொம்ப நன்றி. நடுவுக்கு நடு பொருத்தறது நல்லாப் புரியுது, நான் மூலைக்கு மூலை பொருத்தியிருந்தேன்.

இன்னும் மூணு கேள்வி. ரிப்பன் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு, பின்பக்கம் மங்கல். இதை அப்படியே விடலாமா? சுருக்கறதுக்குப் பதிலா வரிசையா மடிப்பு வச்சா இதைவிட நிக்குமா? அப்புறம் தாலி மஞ்சக் கயித்துல இருக்கும். வெள்ளை சாட்டின்ல மஞ்சள் ஒட்டாம எப்படி வைக்கிறது?


முத்தியால்பேட்டை டெய்லரிங்:

தலையணை கையில ஏந்திப் போறது, பின்பக்கத்தை யாரும் பார்க்க மாட்டாங்க, மங்கல் பக்கம் பரவாயில்ல. சோபாவுல சாய்ச்சு வைக்கிறதா இருந்தா ரெண்டு பக்கமும் பளபளப்பு இருக்கிற ரிப்பன்தான் வாங்கணும். நம்ம பெரிய மார்க்கெட் பக்கத்து ஃபேன்ஸி கடைகள்ல கேட்கறப்பவே ரெண்டு பக்க சாட்டின்னு கேளுங்க, ரிப்பனைத் திருப்பிப் பார்த்துட்டு வாங்குங்க.

மடிப்பு வச்சா கட்டாயம் நிக்கும், ஆனா ரிப்பன் மூணு மடங்கு கேட்கும். அரை இஞ்ச் மடிப்புன்னா 8 இஞ்ச் பக்கத்துக்கு 16 மடிப்பு, ஒவ்வொண்ணுக்கும் ஒன்றரை இஞ்ச், ஆக ஒரு பக்கத்துக்கு 24 இஞ்ச். நாலு பக்கத்துக்கு 96. மூலைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ஏற்கெனவே இருக்கிற மடிப்புக்கு அடியிலேயே கூடுதல் மடிப்பு சொருகணும். அது ஒவ்வொண்ணும் ஒரு இஞ்ச் எடுக்கும், எட்டு மடிப்புக்கு 8 இஞ்ச். மூட்டுக்கு 1. மொத்தம் 105 இஞ்ச், 3 மீட்டர் வாங்கணும். உங்க கையில இருக்கிறதுல ஆகாது.

மடிப்பு அளவு பக்கத்தோட நீளத்துக்குச் சரியா வகுபடணும். 8 இஞ்ச்சுக்கு அரை இஞ்ச் சரி, முக்கால் இஞ்ச் வைக்காதீங்க, கடைசியில மூணுல ரெண்டு பங்கு மடிப்பு மிஞ்சும். அரை இஞ்ச் அகலத்துல அட்டைப் பட்டை வெட்டி, அது மேல ரிப்பனை மடிச்சு மடிச்சு நகர்த்தினா எல்லாம் ஒரே அளவா வரும். குறைஞ்ச சூட்டுல, மேல காட்டன் துணி போட்டு, ஒவ்வொரு மடிப்பையும் அமுக்குங்க. தண்ணி தெளிக்காதீங்க, சில சாட்டின்ல சொட்டு விழுந்த இடம் வட்டமாத் தெரியும்.


மஞ்சக்குப்பம் ஊசிநூல்:

மஞ்சள் விஷயம். கயிறு நேரா சாட்டின் மேல படவே கூடாது. கோயிலுக்குள்ள கூட்டம், புழுக்கம், ஏந்திப் போறவங்க கை வியர்வை எல்லாம் சேர்ந்தா பத்து நிமிஷத்துல மஞ்சள் இறங்கிடும். அதே சாட்டின்ல 3 இஞ்ச் சதுரமா, உள்ளே ஒரு துண்டு ஃப்யூசிங் (இஸ்திரி வச்சு ஒட்டற விறைப்புத் துணி) ஒட்டி, ரெண்டு துணி சேர்த்து ஒரு குட்டி மெத்தை தைச்சுக்குங்க. நாலு மூலையிலயும் ரெண்டு தையல் மட்டும் போட்டுத் தலையணையோட பிடிச்சு வைங்க. தாலி அது மேல. கறை பட்டா அந்தத் தையலை எல்லாம் வெட்டி மெத்தையை எடுத்துட்டா தலையணை வெள்ளையாவே இருக்கும்.

பட்டுட்டா உடனே சோப்பு போட்டுத் தேய்க்காதீங்க. சோப்போட காரத்துல மஞ்சள் சிவப்பாகும், பார்க்கறவங்க பயந்து இன்னும் தேய்ப்பாங்க, சாட்டின் இழை பிரியும். பச்சைத் தண்ணியில அலசி நல்ல வெயில்ல போடுங்க, மஞ்சளுக்கு வெயில் ஆகாது, மங்கிடும். கறை போறதுக்கு முன்னாடி இஸ்திரி வச்சா தங்கிடும்.

மோதிரம் கட்டற ரிப்பன் கால் இஞ்ச் அகலம், 12 இஞ்ச் நீளம், ரெண்டு துண்டு. ஒவ்வொண்ணையும் பாதியா மடிச்சு, மடிப்பை மேல் துணியோட நடுவுல வச்சுத் தைச்சுடுங்க, அதுவும் கீழ் துணி சேர்க்கறதுக்கு முன்னாடியே. நீங்க எல்லாத்தையும் பிரிக்கப் போறதால இப்பவே செஞ்சுடலாம். பஞ்சு அடைச்சப்புறம் நடுவுல தைக்கப் போனா நூல் முடிச்சு மேலேயே நிக்கும். சாட்டின் ரிப்பன் முடிச்சு தானா வழுக்கி அவிழும், அதனால மோதிரம் கட்டின பூ முடிச்சுல வெள்ளை நூலால ஒரே ஒரு தையல் போட்டு வைங்க. பீடத்துல முடிச்சை இழுத்தா அந்த நூலும் கூடவே அறுந்து வந்துடும், அந்த அளவுக்கு மெல்லிசு நூல் போதும்.

ரிப்பன் முனையைப் பத்தி யாரும் சொல்லல. வெட்டினதும் மெழுகுவர்த்திச் சுடரோட அடியில இருக்கிற நீலப் பகுதிக்குப் பக்கத்துல காட்டி ஓடவிடுங்க, சுடர் தொடக்கூடாது. பாலியஸ்டர் ரிப்பன் லேசா உருகி ஓரம் அடைபடும். மஞ்சள் சுடர்ல காட்டினா புகைக் கரி ஒட்டி வெள்ளை கறுத்துடும். ரொம்ப உருகினா முனை கட்டியாகி மூட்டுத் தையல்ல ஊசி உடையும். மூட்டுக்குப் பக்கத்துல அந்தக் கட்டி விளிம்பு தையலுக்குள்ளயே போகட்டும்.

குண்டூசி எச்சரிக்கை ஒண்ணு. கடலூர், பாண்டி உப்புக்காத்துல சாதாரணக் குண்டூசி ஒரு ராத்திரியிலேயே துரு பிடிச்சுடும். வெள்ளை சாட்டின்ல துருப்புள்ளி விழுந்தா சோப்புத் தண்ணிக்குப் போகாது. ஊசி குத்தின வேலையைப் பாதியில வச்சுட்டுத் தூங்கப் போகாதீங்க, குத்தறதா இருந்தா தையலுக்கு விட்ட அரை இஞ்ச்சுக்குள்ள மட்டும் குத்துங்க. மெஷின் ஊசி புதுசு, 11 நம்பர். முனை மழுங்கின ஊசி சாட்டின் இழையை இழுத்து, தையல் நெடுக நேர்கோடா ஒரு சுருக்கம் விழவைக்கும். ரிப்பன் சுருக்கம் தடிமனா இருக்கிற மூலையில 11 வளையற மாதிரி இருந்தா அங்கே மட்டும் 14 மாத்துங்க.


திருப்பாப்புலியூர் தையல்:

பஞ்சும் கொஞ்சம் கவனிக்கணும். இலவம் பஞ்சு சாட்டினுக்கு வேண்டாம், கட்டி கட்டியா வெளியே தெரியும். ரெக்ரான் பஞ்சு (பாலியஸ்டர் பஞ்சு) நூறு கிராம் எடுத்துக்குங்க, மொத்தமும் பிடிக்கணும்னு இல்ல. கையால நல்லாப் பிரிச்சு, முதல்ல நாலு மூலைக்கும் சின்னச் சின்னப் பஞ்சா தள்ளிட்டு அப்புறம் நடுவுல போடுங்க. மூலைக்குத் தள்ள பென்சிலோட மொட்டை முனை போதும், கத்தரிக்கோல் முனையால தள்ளினா தையல் கிழியும். ரொம்ப இறுக்கி அடைச்சா ஓரம் உள்வாங்கி நேர் பக்கம் வில்லா வளையும், கஷ்டப்பட்டுச் சரி பண்ணின மூலை திரும்பக் குவியும். நடு உயரம் மூணு இஞ்ச்சைத் தாண்ட வேண்டாம், மோதிரமும் அப்பத்தான் உருளாது.

திருப்பறதுக்கு முன்னாடி வளைவுல தையலுக்கு வெளியே இருக்கிற துணியை 2 நூல் அளவுக்குக் குறைச்சு வெட்டுங்க, ரிப்பன் சுருக்கத்தோட சேர்த்தே. அந்தத் தடிமன் உள்ளேயே கிடந்தா மூலை உருண்டையா கட்டிபோலத் துருத்தும். தையலை வெட்டிடாம இருக்க, வளைவுல மட்டும் முன்கூட்டியே தையலை ரெண்டு தரம் ஓட்டிடுங்க.

வாயை மூடறப்ப, அந்த 3 இஞ்ச்ல ரிப்பன் மேல் துணியோட ஏற்கெனவே ஓட்டியிருக்கும். கீழ் துணி ஓரத்தை நாலரை நூல் உள்ளே மடிச்சு, மடிப்பு ரிப்பன் அடியில படற மாதிரி வச்சு, 9 நம்பர் கை ஊசியால மடிப்புக்குள்ள ரெண்டு நூல் ஓட்டி, ரிப்பன் தையல்ல ஒரு சின்னக் குத்து, திரும்ப மடிப்புக்குள்ள ரெண்டு நூல். நாலு குத்துக்கு ஒருதரம் நூலை இழுத்தா வாய் தானா சேர்ந்துக்கும். மேல் துணியில ஊசி வெளியே வராம பார்த்துக்குங்க. முடிச்சை ரிப்பன் சுருக்கத்துக்குள்ள போட்டு, நூல் முனையைத் தலையணைக்குள்ள குத்தி ஒரு இஞ்ச் தள்ளி எடுத்து வெட்டுங்க.